படப்பைச் சாலையும் விமானக் கைத்தொழிலும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் நோக்கிச் செல்லும் சாலையில் படப்பையைத் தாண்டினால் ஒரகடம் வருகிறது. அதற்கு அப்பால் ஸ்ரீபெரும்பூதூர்ப் பக்கமாக வல்லம், வடகால் கிராமங்கள் இருக்கின்றன. ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைத்து வந்த இந்த வட்டாரம், ஒரு தலைமுறைக் காலத்துக்குள் மோட்டார் வண்டிகளும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் டயர்களும் கண்ணாடியும் உற்பத்தியாகும் பெரிய யந்திரசாலைப் பிரதேசமாக மாறிவிட்டதை நம் நேயர்கள் அறிவார்கள். இங்கே வல்லம் வடகாலில் சுமார் 250 ஏக்கர் நிலத்தில், ஆகாய விமானக் கைத்தொழிலுக்கும் தேசப் பாதுகாப்புக் கைத்தொழிலுக்கும் என்றே ஒரு தொழிற்பேட்டை வகுக்கப்பட்டிருக்கிறது. அடுத்த பத்து வருஷங்களில் 75,000 கோடி ரூபாய் மூலதனத்தைத் திரட்டி 1 லட்சம் பேருக்கு வேலை அளிப்பதே தனது உத்தேசம் என்று தமிழ்நாடு சர்க்கார் 2022-ம் வருஷத்தில் வெளியிட்ட கொள்கை அறிக்கை கூறுகிறது.

இந்த உத்தேசத்தை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஆனால் நிலம் கொடுப்பதையும் வரி தள்ளுவதையும் மட்டுமே கைத்தொழில் அபிவிருத்தி என்று எண்ணி விடுகிற வழக்கம் நம்மிடையே வேரூன்றி இருக்கிறது. விமானத் தொழில் அப்படிப்பட்டதல்ல. இந்தத் தேசத்தில் அது எவ்வாறு பிறந்தது, யார் பெற்றார்கள், யார் பறித்தார்கள், எங்கே தடுக்கி விழுந்தது என்பதைத் தெரிந்துகொண்டு பேசுவது அவசியம். அதைத் தெரிந்துகொள்ளப் படப்பையிலிருந்து வெகு தூரம் போக வேண்டியதுமில்லை.

இதே சாலையைத் திருப்பிப் பிடித்தால் தாம்பரமும் குரோம்பேட்டையும் கடந்து பல்லாவரம் சேருகிறோம். 1909 ஜூலையில் பிரெஞ்சுக்காரரான பிளேரியோ இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி உலகமெங்கும் பரவியபோது, சென்னை மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்தி வந்த ஜியாகோமோ டாஞ்சலிஸ் என்பவருக்கும் அந்த ஆசை பிடித்தது. அவர் தாமே ஒரு விமானத்துக்குத் திட்டம் வகுத்தார். குதிரை வண்டிகளும் மோட்டார் கூடுகளும் செய்து பெயர் பெற்ற சிம்ப்ஸன் கம்பெனியின் பட்டறையில் அது உருவாயிற்று. பல்லாவரத்தில் அதைப் பறக்கவிட்டுப் பரீட்சித்த பின், 1910 மார்ச்சில் சென்னைத் தீவுத்திடலில் கட்டணம் வைத்து ஜனங்களுக்குக் காட்டினார். ஆசியாக் கண்டத்திலேயே அதுதான் முதல் பறப்பு என்று சொல்வோரும் உண்டு. அந்த வழக்கில் நாம் தலையிடவில்லை. நமக்கு முக்கியமாகப் படுவது வேறு. ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்து ஏழு வருஷங்கள் கூட நிறைவு பெறாத காலத்தில், நம் சென்னைப் பட்டறைத் தச்சர்களும் கொல்லர்களும் கையால் செய்த ஒரு யந்திரம் ஆகாயத்தில் எழும்பியது. வேலை தெரிந்த கை அன்றைக்கே நம்மிடம் இருந்தது.

அதன் பிறகு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை! முப்பது வருஷ காலம் இந்தியாவில் விமானம் பறந்தது, ஆனால் பிறக்கவில்லை. 1932 அக்டோபரில் டாட்டா கம்பெனியின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னை வந்து சேர்ந்ததைத் தேசம் கொண்டாடியது. அந்த விமானமும் இங்கிலாந்தில் செய்யப்பட்டதுதான். தூத்துக்குடியில் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட சிதம்பரம் பிள்ளை அவர்களை அன்னிய சர்க்கார் என்ன பாடு படுத்தியது என்பதைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலில் நமக்குப் பாத்தியதை இல்லை என்று சொன்னவர்கள் ஆகாயத்தில் பாத்தியதை கொடுப்பார்களா?

கடலில் விட்ட குறையைத் தொடர்ந்தவர் ஒருவர்தான் ஆகாயத்திலும் தொடங்கினார் என்பது கவனிக்கத் தக்கது. ஸிந்தியா கப்பல் கம்பெனியை 1919-ல் நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீ வால்சந்த் ஹிராசந்த், மோட்டார்த் தொழிற்சாலை அமைக்கும் நோக்கத்துடன் 1939-ல் அமெரிக்கா சென்றார். பசிபிக் சமுத்திரத்தைக் கடந்த பிரயாணத்தில் வில்லியம் பாலி என்ற அமெரிக்கரைச் சந்தித்தார். சீன தேசத்தில், பர்மா எல்லையை ஒட்டிய லோய்விங் என்னுமிடத்தில், சீன சர்க்காருக்காக விமானத் தொழிற்சாலை நடத்தியவர் பாலி. யுத்தத்தின் நடுவே, ரெயிலும் துறைமுகமும் எட்டாத மலைப் பிரதேசத்தில், சீனர்களைக் கொண்டே விமானம் கட்ட முடியுமென்றால் இந்தியாவில் ஏன் முடியாது என்பதே வால்சந்தின் கேள்வி. மோட்டார் வாங்கப் போனவர் விமான யோசனையுடன் திரும்பினார்.

டில்லி சர்க்கார் முதலில் இந்த யோசனைக்குச் செவி சாய்க்கவில்லை. 1940 ஜூனில் பிரான்ஸ் தேசம் ஜெர்மனியிடம் விழுந்த பிறகு, இங்கிலாந்திலிருந்து விமானம் வரும் என்று காத்திருப்பது வீண் என்பது அவர்களுக்கும் புரிந்தது. அந்த வருஷம் டிசம்பர் 23-ந் தேதி, 4 கோடி ரூபாய் அங்கீகார மூலதனத்துடன் ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் கம்பெனி பெங்களூரில் பதிவாயிற்று. வால்சந்த் 25 லட்சம் போட்டார். மைசூர் சமஸ்தானம் 25 லட்சம் போட்டது. அதோடு சுமார் 700 ஏக்கர் நிலமும் கொடுத்தது. 1941-ல் இந்திய சர்க்காரும் 25 லட்சத்துடன் பங்காளியாக வந்து சேர்ந்தது.

பெங்களூருக்குப் போனது ஏன், சென்னைக்கு வராதது ஏன் என்று நம்மவர் கேட்பதுண்டு. சீதோஷ்ணம் நன்றாக இருந்ததால் என்று எளிதாகப் பதில் சொல்லி விடுகிறார்கள். சீதோஷ்ணம் மட்டுமா? மைசூரில் 1902-லேயே சிவசமுத்திரத்து மின்சாரம் பாய்ந்திருந்தது. பத்திராவதியில் இரும்பு வார்த்தார்கள். டாட்டா விஞ்ஞானக் கழகம் இருந்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மத்தியான்ன வேளையில் யோசனையைக் கேட்டு மாலைக்குள் சரி என்று சொல்லக்கூடிய திவான் ஸர் மிர்ஜா இஸ்மாயில் இருந்தார். சென்னை ராஜதானியிலோ, யுத்தத்தில் நம்மைக் கேளாமலே நம்மை இழுத்து விட்டதைக் கண்டித்து 1939 அக்டோபரில் ராஜாஜி மந்திரி சபை ராஜிநாமாச் செய்த பின், 1946 வரையில் கவர்னர் ஆட்சிதான். ஜனங்களுக்குப் பொறுப்பான ஒரு மந்திரி அந்த ஆறு வருஷங்களில் சென்னையில் இல்லை. நிலம் தருகிறோம், பங்கு போடுகிறோம் என்று வால்சந்திடம் பேரம் பேச நமக்கு வாய் இல்லை. மந்திரிகள் ராஜிநாமாச் செய்தது நியாயமே. அதற்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால் சுயாட்சி இல்லாத மாகாணம் கைத்தொழிலில் என்ன இழக்கும் என்பதற்கு இதை விடத் தெளிவான சாட்சியம் நமக்குக் கிடைக்காது.

பெங்களூரில் வேலை துரிதமாக நடந்தது. கம்பெனி பதிவாகி எட்டு மாதங்களில், 1941 ஆகஸ்டில், ஹார்லோ என்ற பயிற்சி விமானம் அங்கே பூட்டப்பட்டுப் பறந்தது. 1942 ஜூலையில் கர்ட்டிஸ் ஹாக் என்ற சண்டை விமானமும் எழும்பியது. பாகங்கள் அமெரிக்காவிலிருந்து வந்தவை, திட்டமும் அவர்களுடையது என்பது மெய்யே. அமெரிக்காவிலிருந்து வந்த பாகத்தைப் பூட்டுவதை உற்பத்தி என்று சொல்லலாமா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. குழந்தை முதலில் தவழத்தானே வேண்டும்? தவழ்ந்த குழந்தையை நடக்க விடாமல் தடுத்ததுதான் குற்றம்.

ரங்கூன் 1942 மார்ச்சில் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காகிநாடாவிலும் குண்டு விழுந்தது. அதைக் காரணமாகக் காட்டி இந்திய சர்க்கார் வால்சந்தின் பங்கை விலைக்கு வாங்கித் தொழிற்சாலையைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. 1943-ல் அதன் நிர்வாகம் அமெரிக்க ராணுவ விமானப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. புது விமானம் கட்டும் உத்தேசம் மூட்டை கட்டி வைக்கப்பட்டது. சேதமுற்று வரும் அமெரிக்க விமானங்களைச் செப்பனிடும் கொட்டகையாக ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் மாறியது. யுத்தம் முடிந்த பின் அதே கொட்டகைகளில் ரெயில் பெட்டிகள் கட்டினார்கள்! இதில் ஒரு நன்மையும் விளைந்தது என்பதை மறைக்கக் கூடாது. செப்பனிடும் வேலையில் நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் நுட்பம் பழகினார்கள். 1942-ல் டாட்டா விஞ்ஞானக் கழகத்தில் விமானப் பொறியியல் பிரிவு ஏற்பட்டது. அதன் முதல் தலைவரான டாக்டர் வி. எம். காட்கே, தாம் வகுத்த திட்டப்படி கட்டிய எச்.டி.-2 என்ற பயிற்சி விமானத்தை 1951 ஆகஸ்டில் பறக்கச் செய்தார். சுதந்திரம் வந்து நான்கே வருஷங்களில் நடந்த காரியம் அது.

அதற்குப் பின் வந்த மாருத் சண்டை விமானத்தின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வல்லம் வடகாலுக்கு வேண்டிய பாடம் அதில்தான் இருக்கிறது. ஜெர்மானிய நிபுணர் கூர்ட் டாங்கை 1956-ல் வரவழைத்து, அவர் தலைமையில் நம் இளைஞர்கள் வகுத்த அவ்விமானம் 1961 ஜூன் 17-ந் தேதி பறந்தது. உடலமைப்பில் அது எவருடைய விமானத்துக்கும் சளைத்ததல்ல என்று நிபுணர்கள் சொன்னார்கள். ஆனால் அதற்கென்று எதிர்பார்த்த சக்தி வாய்ந்த ஆர்பியூஸ் எஞ்சின் பிரிட்டனில் பாதியில் கைவிடப்பட்டது. அபிவிருத்திச் செலவை பிரிட்டிஷாரும் ஏற்கவில்லை, நம் சர்க்காரும் ஏற்கவில்லை. வலுக்குறைந்த எஞ்சினைப் பூட்டிக்கொண்டு, ஒலியை மிஞ்ச வேண்டிய மாருத் கடைசிவரை ஒலியை மிஞ்சாமலே 147 விமானங்களுடன் முடிந்து போயிற்று. நாற்பது வருஷங்கள் கழித்து, 2001 ஜனவரியில் தேஜஸ் பறந்தபோதும் அதன் வயிற்றில் இருந்தது அமெரிக்க எஞ்சினே. நமது காவேரி எஞ்சின் தேஜஸுக்கு உதவாது என்று 2008-ல் பிரித்து வைக்கப்பட்டது. 2021-ல் 83 தேஜஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து விட்டு, அமெரிக்காவிலிருந்து எஞ்சின் வரவில்லை என்று வருஷக் கணக்கில் காத்துக்கிடந்தோம். எஞ்சின் செய்யாதவன் விமானம் செய்கிறான் என்பது, காளையை இரவல் வாங்கி ஏர் உழுகிறவன் கதைதான். பிறர் காளை எப்போது ஓயுமோ அப்போதுதான் நமக்கு உழவு.

இன்னொரு தேசத்தின் கதையையும் இதோடு சேர்த்துப் பார்ப்போம். குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தை 1949-ல் தொடங்கியவர் ஸ்ரீ சி. ராஜம். தம் சொந்த மாளிகையை விற்ற பணத்தைக் கொண்டு தேசத்துக்குப் பொறியாளர்களைத் தர முன்வந்த புண்ணியவான் அவர். ஆரம்பத்திலிருந்தே அங்கே விமானப் பொறியியல் ஒரு பாடம். பிரேஸில் தேசத்தில் ஸாவோ ஜோஸே டோஸ் காம்போஸ் என்ற ஊரில் அந்நாட்டு விமானத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கியது 1950-ல். அதாவது நமக்கு ஒரு வருஷம் பிந்தி. அவர்கள் செய்ததென்ன? கழகத்துக்குப் பக்கத்திலேயே ஆராய்ச்சி ஸ்தாபனத்தை வைத்தார்கள். அதில் படித்தவர்களைக் கொண்டே பாண்டெய்ராண்டே என்ற சிறு பிரயாணி விமானத்தை வகுத்து 1968-ல் பறக்கவிட்டார்கள். மறு வருஷம் அதே ஊரில் எம்ப்ரேயர் கம்பெனியை சர்க்கார் முதல் போட்டு நிறுவினார்கள். முதல் விமானங்களை அந்நாட்டு விமானப் படையே வாங்கிக்கொண்டது. இன்று உலகத்துப் பிரயாணி விமானம் செய்வோரில் ஏர்பஸ், போயிங் கம்பெனிகளுக்கு அடுத்த ஸ்தானம் அவர்களுக்கு. குரோம்பேட்டையோ அப்துல் கலாமைத் தந்தது. அவர் விமானத் தொழில் பயில பெங்களூருக்கு ரெயில் ஏற வேண்டியிருந்தது! பள்ளிக்கூடம் இங்கே, பட்டறை அங்கே, வாங்குகிறவன் எங்கோ. பிரேஸில்காரனுக்கு நம்மை விட மூளை அதிகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்றையும் ஓரிடத்தில் சேர்த்தான், அவ்வளவுதான்.

இந்தப் பேச்சு இப்போது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு கணக்குகளைச் சொல்கிறோம். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதே வருஷம் ஜூனில் இண்டிகோ கம்பெனி ஒரே தடவையில் 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஆக ஐந்தே மாதங்களில் 970 விமானங்கள். இந்தப் பணம் முழுவதும் நம் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக் கொடுக்கப் போகும் பணம். முழு விமானமாக நம் நாட்டில் பூட்டப்படப் போவது அவற்றில் ஒன்றுமில்லை. பரோடாவில் டாட்டா கம்பெனியும் ஏர்பஸ் கம்பெனியும் சேர்ந்து 40 ராணுவச் சரக்கு விமானங்களைக் கட்டும் தொழிற்சாலை 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது நல்ல ஆரம்பம். ஆயினும் 40 எங்கே, 970 எங்கே? அன்னியத் துணியை வாங்க மாட்டோம் என்று ஒரு தலைமுறை சபதம் செய்த தேசம் இது. அன்னிய விமானத்தில் ஏற மாட்டோம் என்று இன்று சபதம் செய்ய முடியாது. அதை நாம் சொல்லவும் இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய கொள்முதலைக் கையில் வைத்துக்கொண்டு, இன்ன பாகத்தை இங்கே செய், இன்ன நுட்பத்தை எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடு என்று நிபந்தனை போடாமலிருப்பது என்ன ராஜதந்திரம்?

ஒரகடத்தில் மோட்டார் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆகையால் விமானம் செய்வது சுலபம் என்று சிலர் பேசுகிறார்கள். இதில் பாதி உண்மை. 1940 மேயில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வருஷத்துக்கு 50,000 விமானம் வேண்டும் என்று கேட்டபோது அமெரிக்க மோட்டார் முதலாளிகள் அப்படித்தான் பேசினார்கள். போர்டு கம்பெனி வில்லோ ரன் என்னுமிடத்தில் பிரும்மாண்டமான சாலையைக் கட்டியது. முதல் இரண்டு வருஷங்கள் அது பட்ட அவதியைக் கண்டு, ஓடுமா ஓடாதா என்று ஊரார் கேலி செய்தார்கள். 1944-ல்தான் மணிக்கு ஒரு குண்டு விமானம் என்ற வேகம் வந்தது. மோட்டாரில் ஓர் ஆணி தளர்ந்தால் சாலையோரம் வண்டியை நிறுத்தலாம். ஆகாயத்தில் சாலையோரம் ஏது? ஆகவே விமானத்தில் சேரும் ஒவ்வோர் ஆணிக்கும், அது எந்த உலையில் உருகிய உலோகம், யார் அறைந்தார், யார் சோதித்தார் என்பது வரை ஜாதகம் உண்டு. அந்த ஒழுங்கு ஒரு நாளில் வராது. ஆனால் வரும். ஆவடி யுத்த வாகன ஆராய்ச்சி ஸ்தாபனம் தேஜஸ் விமானத்தின் பற்சக்கரப் பெட்டியை வகுத்திருக்கிறது. தாங்கி செய்தவர்களுக்கு அது முடிந்ததென்றால், லாரியின் பற்சக்கரம் வெட்டும் ஒரகடத்துத் தொழிலாளிக்கும் முடியும். அவனுக்கு இரண்டு மூன்று வருஷம் சம்பளத்துடன் பயிற்சி வேண்டும். அதைக் கொடுப்பது யார் என்பதே விவகாரம்.

விமானத் தொழிலில் இரண்டு வகை உண்டு. அன்னியன் வரைந்த படத்தைப் பார்த்துப் பாகம் கடைந்து கொடுப்பது ஒன்று. தானே படம் வரைவது மற்றொன்று. முன்னதைக் கேவலமாக நினைக்க வேண்டாம், அதிலே கூலியும் கிடைக்கும், கையும் பழகும். ஆனால் அதோடு நின்று விட்டால், நாளை வேறொரு நாட்டான் குறைந்த கூலிக்குக் கடைந்து தருவதாகச் சொன்னதும் தொழில் கப்பலேறி விடும். இது வெறும் கற்பனையல்ல. ஸ்ரீபெரும்பூதூரில் 2006-ல் வந்த நோக்கியா டெலிபோன் தொழிற்சாலை 2014-ல் மூடப்பட்டது. மறைமலை நகரிலே போர்டு மோட்டார் சாலை 2022-ல் நின்றது. இரண்டிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றதை இந்த வட்டாரத்தார் மறக்கவில்லை. படம் வரைகிற மூளையும் அதன் உரிமையும் இங்கே இருந்திருந்தால் அவ்வளவு எளிதில் பூட்டுப் போட்டுவிட்டுப் போக முடிந்திருக்குமா?

ஆகவே தமிழ்நாடு சர்க்கார் வல்லம் வடகாலில் இடம் கேட்டு வரும் கம்பெனிகளிடம் ஏக்கருக்கு எவ்வளவு மூலதனம் என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. எத்தனை நுட்பங்களை இங்கே வகுப்பீர்கள், எத்தனை பொறியாளர்களை வரைபட மேஜையில் அமர்த்துவீர்கள் என்றும் கேட்க வேண்டும். மைசூர் சமஸ்தானம் நிலத்தோடு பணத்தையும் போட்டுப் பங்காளியாயிற்று. டிட்கோ ஸ்தாபனத்தின் மூலம் நம் சர்க்காரும் பங்கு எடுத்து நிர்வாக சபையில் உட்காரலாமே! குரோம்பேட்டைக் கழகத்துக்கும் வல்லத்துக்கும் நடுவே ஒரு மணி நேரப் பிரயாண தூரந்தான். அக்கழகத்து மாணவர்கள் கடைசி வருஷத்தைப் பேட்டையின் பட்டறையிலேயே கழிக்கும்படி ஏற்பாடு செய்வதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. உத்தரவு ஒன்று போதும். ஆளில்லா விமானங்களைச் சோதிக்கும் நிலையத்தை வல்லம் வடகாலில் அமைக்க எடுத்த தீர்மானம் சரியானது. பெரிய விமானத்தில் நாம் எண்பது வருஷம் பிந்தினோம், சிறிய விமானத்திலாவது முந்தலாம்.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பிரதேசத்தின் ஏரிகளும் வயல்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறிவிட்டன. 2022-ல் பரந்தூரில் விமான நிலையம் என்று அறிவித்தது முதல் ஏகனாபுரத்துக் குடியானவர்கள் வருஷக்கணக்காகக் கூடிக் கூடித் தங்கள் மறுப்பைத் தெரிவித்து வந்தார்கள். அவர்களைத் தேச அபிவிருத்திக்கு விரோதிகள் என்று ஏசுவது அநியாயம். கொடுத்த நிலத்துக்கு ஈடாகக் காவல்காரன் வேலையும் தோட்ட வேலையுமே இதுவரை தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததைக் கண்ட பிறகு, இன்னும் கொடு என்று கேட்டால் எந்தக் குடியானவன் சம்மதிப்பான்? விமானத் தொழிலாவது இந்த வழக்கத்தை மாற்றட்டும். படப்பை, மணிமங்கலம், வல்லம், ஒரகடம் பள்ளிக்கூடங்களில் பத்தாவது தேறிய பையன்களுக்கும் பெண்களுக்கும் பேட்டைக்குள்ளேயே ஒரு தொழிற்பள்ளி வேண்டும். ஆணி அறைவதிலும் உலோகத் தகடு மடிப்பதிலும் கம்பி முடைவதிலும் சோதனை செய்வதிலும் அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்து நிரந்தர வேலையில் அமர்த்த வேண்டும். காண்ட்ராக்டு ஆளை வைத்து வருஷத்துக்கொரு முறை மாற்றும் முறை விமானத் தொழிலுக்கு ஆகாது. அந்த ஆணியின் ஜாதகத்தில் கையெழுத்திடுகிறவன் பத்து வருஷம் அங்கேயே இருக்கவேண்டியவன்.

அடுத்த வரவு செலவுத் திட்டத்தின்போது நம் பிரதிநிதிகள் சட்டசபையில் இந்தக் கேள்விகளை எழுப்ப வேண்டும்: வல்லம் வடகால் பேட்டையில் இதுவரை யார் யாருக்கு எத்தனை ஏக்கர் கொடுக்கப்பட்டது, அதில் வேலை தொடங்கியவர் எத்தனை பேர், நிலத்தைச் சும்மா வைத்திருப்பவர் எத்தனை பேர், நிலம் கொடுத்த கிராமங்களைச் சேர்ந்தவர்களில் நிரந்தர வேலையில் இருப்பவர் எத்தனை பேர்? ஊழியர் சங்கங்களும் இளைஞர் சங்கங்களும் அதற்கு முன்பே தத்தம் கிராமங்களில் இந்தக் கணக்கைத் தயாரித்துத் தங்கள் சட்டசபை அங்கத்தினரின் கையில் கொடுப்பது நலம்.